ஆத்தங்காட்டுப் பொட்டி

பெரியான்புலம் கடைத்தெருவில் எழில்மொழியின் செல்போன் கடைக்கு வழி கேட்டால் யாரும் பெயர்ப்பலகையைச் சொல்வதில்லை. "கூரை மேல ஒரு பொட்டி நிக்கும் பாருங்க, அதான்" என்பார்கள். மாடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிய பிவிசி குழாய், அதன் உச்சியில் கரண்ட் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சாம்பல் நிற ஜங்ஷன் பாக்ஸ், அதன் தலையில் சிலேட்டு அளவுக்கு ஒரு சோலார் தகடு, பக்கத்தில் ஒரு முழக் குச்சியாக ஏரியல். பார்த்தால் போலீஸ் வைத்த கேமரா மாதிரி இருக்கும். கள்ளத்தனமாகப் பாட்டில் விற்கிற ஒருவன் வெகுநாள் அந்தப் பக்கமே வராமல் கொல்லை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

எழில்மொழிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ரீசார்ஜ் போடுவாள், உடைந்த கண்ணாடி மாற்றுவாள், தண்ணீரில் விழுந்த போனைப் பிரித்து உலர்த்திக் கொடுப்பாள். கணவன் பிரபு அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். ஐப்பசி பிறந்தால் ஆந்திராப் பக்கம் போய்விட்டுத் தை அறுவடைக்குத்தான் திரும்புவான். மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வருஷத்தில் மூன்று மாதமாவது அவள் கடையும் வீடுமாகத் தனியாகத்தான் இருந்தாள். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

அவள் பிறந்த ஊர் ஆத்தங்காடு. அடப்பாற்றுக்கு அந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊர். நேர்க்கோட்டில் அளந்தால் கிட்டத்தில்தான் இருந்தது; ரோட்டு வழி என்றால் வாய்க்காலும் மதகுமாகச் சுற்றிக்கொண்டு போகும். கஜா புயல் அடித்த அன்று அவளுடைய அம்மா ஆத்தங்காட்டு வீட்டில் ஓடு சரிந்து விழுந்து இறந்துபோனாள். ரோடெல்லாம் தென்னை மரம் விழுந்து கிடந்தது. போன் டவர்கள் ஊமையாகிவிட்டன. சேதி சொல்ல ஆள் அனுப்பவும் வழியில்லை. கரண்ட் இல்லாமல் ஐஸ் பெட்டியும் கிடைக்காமல், அண்ணன் இளஞ்செழியன் பார்த்துப் பார்த்து, கடைசியில் உடலை எடுத்துவிட்டான். மரங்களை அறுத்து வழி திறந்த பிறகு, "அம்மா எப்படி இருக்கோ, அரிசி கொண்டு போய்க் கொடுப்போம்" என்று எழில்மொழி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினாள். வாசலில் பந்தல்கால் நின்றது. பால் தெளித்துக்கூட முடிந்திருந்தது.

அவள் அண்ணனோடு சண்டை போடவில்லை. "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று அவன் கேட்டபோது அரிசிப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், வாயில் ஒரு பிடி அரிசி போடாமல் விட்டது அவளுக்குள் அப்படியே கிடந்தது. இனி அப்பாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. அந்த ஒன்றுதான் அவளைப் பொட்டி கட்ட வைத்தது.

அவளுக்கு ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். வேதாரண்யத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீல், துபாயில் டவர் வேலை பார்த்துவிட்டு வந்தவர், மீதியைச் சொல்லிக் கொடுத்தார். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே விரல் கனத்தில் செல்கள் இருக்கும். "எல்லாத்தையும் அள்ளாத தங்கச்சி, உசுரு இருக்கறதை மட்டும் பொறுக்கு" என்று மீட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரேடியோ போர்டு ஒன்று, பொறுக்கிய செல், சின்னச் சோலார் தகடு, தண்ணீர் புகாமல் இருக்கத் தொட்டி ஒட்டுகிற பசை. இவ்வளவுதான் பொட்டி. ஒரு சுமாரான செல்போன் வாங்குகிற காசில் நாலு பொட்டி கட்டலாம். முதல் பொட்டியை அவள் டிபன் டப்பாவில்தான் கட்டினாள். எறும்பு புகுந்து குடித்தனம் பண்ணிவிட்டது. இரண்டாவதிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ்.

மெஷ் என்று அதற்குப் பெயர். டவர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு பொட்டி சொன்னதை அடுத்த பொட்டி கேட்டு, தன் பங்குக்கு ஒரு தடவை உரக்கச் சொல்லும். அதை அதற்கடுத்தது கேட்கும். பொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் தன் செல்போனை அதோடு இணைத்து எழுத்தாக அனுப்பலாம், படிக்கலாம். பேச முடியாது. தமிழில் அடித்தால் ரெண்டு வரிக்குள் நிரம்பிவிடும். போய்ச் சேர்ந்தால் ஒரு டிக் விழும்.

ஆத்தங்காட்டுக்குச் சேதி போக மூன்று பொட்டி தேவைப்பட்டது. ஒன்று அவள் கடைக் கூரையில். இன்னொன்று ஆத்தங்காட்டில் குஞ்சிதபாதத்தின் டீக்கடைக்கு மேல். நடுவில் ஒன்று, ஆற்றுக்கு இந்தப் பக்கம் பக்கிரியின் வயலில், வரப்போரமாக ஊன்றிய இரும்புக் குழாயில்.

பக்கிரி அந்தக் குழாயைப் பொட்டிக்காக அனுமதிக்கவில்லை, ஆந்தைக்காக அனுமதித்தார். சம்பா நட்ட வயலில் எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று இந்தப் பக்கத்தில் குச்சி ஊன்றுவது வழக்கம். இவ்வளவு உயரமான குச்சி ஓசியில் கிடைத்தால் அவர் விடுவாரா? ஆந்தை வந்தது. நேராகச் சோலார் தகட்டின் மேல் உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் தகடு சுண்ணாம்பு அடித்தாற்போல ஆகிவிட்டது.

"மாமா, அது எச்சம் போட்டா வெயில் உள்ள போகாது. பொட்டி செத்துரும்" என்றாள் எழில்மொழி.

"அதுக்கு? எலி திங்கற சாமியை விரட்டச் சொல்றியா? உன் பொட்டி எனக்கு ஒரு மரக்கா நெல்லு கொடுக்குமா?"

"ஆந்தைக்கு நான் தனியா கட்டை அடிச்சுத் தர்றேன்."

"உசரமா அடி. கீழ அடிச்சா அதுக்குக் கௌரவக் குறைச்சல்."

தகட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாற்போல ஒரு சட்டத்தைப் பக்கவாட்டில் நீட்டி அடித்துக் கொடுத்தாள். ஆந்தை அதற்கு மாறிக்கொண்டது. அதுமுதல் பக்கிரி வயலுக்குப் போகும்போதெல்லாம் தகட்டை அண்ணாந்து பார்த்து, அழுக்காயிருந்தால் கழியில் ஈரத்துணி சுற்றித் துடைத்துவிடுவார். யாராவது கேட்டால், "ஆந்தை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன்" என்பார்.

மூன்று பொட்டியும் ஏறிய பிறகு அவள் ஆத்தங்காட்டுக்குப் போய்க் குஞ்சிதபாதத்தின் டீக்கடை வாசலில் ஊர்க்காரர்களைக் கூட்டி, எப்படி அனுப்புவது என்று காட்டினாள். புயல் மழைக் காலத்தில் தினமும் காலையில் ஊர் நிலவரம் அனுப்ப வேண்டும். யாருக்கு என்ன ஆனாலும் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும்.

"உடம்பு முடியலை, கெளம்பி வான்னு எல்லாம் அடிக்கக் கூடாது. முடியலைன்னா முடியலைன்னு அடிங்க, மருந்து அனுப்பலாம். செத்துட்டா செத்துட்டாங்கன்னு அடிங்க."

அவளுடைய அப்பா வீரையன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்குற" என்றாள் குஞ்சிதபாதத்தின் மனைவி வள்ளியம்மை. "சாவுச் சேதியை டப்பாவுல அடிச்சுவுட்டுட்டு நாங்க இங்க பஜ்ஜி போட்டுக்கிட்டு இருக்கணுமாக்கும்."

"அம்மாவுக்கு அடிச்சிருந்தீங்கன்னா நான் வந்திருப்பேன் சித்தி."

வீரையன்தான் கடைசியில், "எனக்குன்னா அடிச்சுருங்கப்பா. எம்மவ தேடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குஞ்சிதபாதம் பாய்லரைத் துடைத்தபடியே, "ஆகட்டும் தாயி" என்றார்.

அவர் ஆகட்டும் என்றதில் எழில்மொழிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஆத்தங்காட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சைக்கிளை எடுக்கிற முதல் ஆள் அவர்தான். வீட்டுக்கு வீடு செல்போன் வந்த பிறகும், பெண் கொடுத்த ஊருக்குச் சேதி சொல்ல ஆள் போவதை அந்த ஊர் விடவில்லை. போன ஆள் திரும்பி வந்து, "சொல்லியாச்சு, வர்றாங்க" என்று சொன்ன பிறகுதான் பாடைக்கு மூங்கிலை வெட்டுவார்கள்.

அதற்கடுத்த கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. கஜா அளவுக்கு இல்லை என்றார்கள். எழில்மொழி அப்பாவைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி எவ்வளவோ கெஞ்சினாள். "மாடு நிக்கிது" என்று ஒரே பதில். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

காற்று பெரிதாக இல்லை. மழைதான் விடாமல் கொட்டியது. மறுநாளே கரண்ட் போயிற்று, அதன் பின்னாலேயே டவரும் போயிற்று. காலையில் ஆத்தங்காட்டுப் பொட்டி பேசியது. "எல்லாரும் நலம். ரெண்டு கூரை போச்சு. அப்பா கஞ்சி குடிச்சார்." எழில்மொழி அதைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக நின்றபடி சத்தமாகச் சிரித்தாள். இதற்குத்தானே இத்தனை பாடு!

அதற்கடுத்த காலையில் ஆத்தங்காட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவளாகவே, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டாள். டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் இல்லை. திரும்பவும் கேட்டாள். திரும்பவும் டிக் விழுந்தது.

பொட்டி பழுதென்றால் அவளுக்கு அழத் தெரியும், திட்டத் தெரியும், ஏறிப் பார்க்கத் தெரியும். பொட்டி நன்றாக இருந்தது. அந்தப் பக்கம் யாரோ அவள் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடி ஷோகேஸைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

உச்சிவேளையில் கடை வாசலில் குஞ்சிதபாதம் வந்து நின்றார். இடுப்பு வரை சேறு. சைக்கிள் இல்லை, செருப்பும் இல்லை. "உள்ள வாங்க சித்தப்பா" என்றாள். வரவில்லை. தண்ணீர் சொம்பை நீட்டினாள். வாங்கவில்லை. சேதி சொல்ல வந்தவர்கள் சொல்லி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சொம்பு அவள் கையிலேயே நின்றது.

"அப்பா போயிட்டாரும்மா. விடியக்கருக்கல்ல. சிரமப்படலை."

பக்கத்து மருந்துக் கடை நஜ்மா அவர் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் ஓடி வந்து எழில்மொழியின் தோளைப் பிடித்திருந்தாள். எழில்மொழி அழவில்லை. முதலில் வந்தது கோபம்.

"பொட்டி வேலை செஞ்சுதா இல்லியா?"

"செஞ்சுது. நீ கேட்டதையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கெளம்பினேன்."

"அடிக்கிறேன்னு சொன்னீங்களே. அப்பவே அடிச்சிருந்தா நான் இந்நேரம் அங்க இருந்திருப்பேன். நீங்க இவ்வளவு தூரம் தண்ணியில நடந்து வந்து..."

"போனை எடுத்தேன் தாயி. பொய் சொல்லலை. உன் பேரை அடிச்சேன். அதுக்கு மேல கை போகலை." அவர் சேற்றுக் காலை மாற்றி வைத்துக்கொண்டார். "நீ ஒண்டியா கடையில நிக்கிற. பிரபு தம்பியும் ஊர்ல இல்லை. அதுல படிச்சுட்டு நீ கீழ விழுந்தா யாரு தூக்குவா? அந்தப் பொட்டியா தூக்கும்?"

நஜ்மாவின் கை இன்னும் தோளில்தான் இருந்தது.

"எடுத்துடுவாங்க சித்தப்பா. அம்மாவை எடுத்த மாதிரி."

"நான் வந்திருக்கேன்ல, திரும்பாம எடுக்க மாட்டாங்க" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "ஆனா கப்பிப்பாலம் உடைஞ்சு கெடக்கு. ரெகுலேட்டர் மதகைச் சுத்தித்தான் வந்தேன். பொழுது சாயறதுக்குள்ள நான் திரும்பலைன்னா, போனவனும் ஆத்தோட போயிட்டான்னு நெனைப்பாங்க. சுடுகாட்டுலயும் தண்ணி ஏறுது. செழியனும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பான்?"

"உங்க போன் எங்க இருக்கு?"

"வள்ளிகிட்ட. எது வந்தாலும் செழியன்கிட்ட காட்டுன்னு சொல்லிட்டு வந்தேன்."

எழில்மொழி சொம்பை அவர் கையில் திணித்தாள். இப்போது வாங்கிக் குடித்தார். அவள் போனை எடுத்து அடித்தாள்: "சித்தப்பா வந்து சொல்லிட்டார். வர்றோம். எடுக்காதீங்க."

டிக் விழவில்லை. திரையில் நடுப் பொட்டியின் பெயர் மங்கிக் கிடந்தது. காலையில் உயிரோடு இருந்தது; மூன்று நாள் வெயில் காணாமல் இப்போது அடங்கியிருந்தது. அவள் மேஜை இழுப்பறையிலிருந்து சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி செல் ஒன்றையும், திருப்புளியையும், பசைக் குழலையும் பையில் போட்டுக்கொண்டாள். ஆத்தங்காட்டுக்குப் போகிற வழியில்தான் பக்கிரியின் வயல். நஜ்மா கடையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க போங்கக்கா, பிரபு மச்சானுக்கு எப்படியாச்சும் தகவல் சேர்க்கிறேன்" என்றாள்.

வயல் ஏரி மாதிரி இருந்தது. குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆந்தைக்கு அடித்த கட்டையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஆந்தை பழையபடி தகட்டில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தகடு முழுக்க எச்சமும் வைக்கோல் துரும்பும். பக்கிரி மடையை வெட்டிவிட்டுக்கொண்டு நின்றார். எழில்மொழியின் முகத்தையும் பின்னால் வருகிற ஆளையும் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குஞ்சிதபாதம் மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேருமாகக் குழாயைச் சாய்த்து, பொட்டியை அவள் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அவள் திருகாணியைக் கழற்றினாள். பக்கிரி தன் துண்டைப் பொட்டிக்கு மேல் குடையாக விரித்தார். பழைய செல்லை உருவிப் புதிதைப் போட்டாள். உள்ளே சின்னப் பச்சை விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. மூடிப் பசை தடவி, மறுபடி குழாயை நிமிர்த்தினார்கள். கடைப் பொட்டி இங்கிருந்து எட்டாது என்று அவள் போனை இந்தப் பொட்டியோடு இணைத்துக்கொண்டு, அதே வரியைத் திரும்ப அனுப்பினாள்.

மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்கள்.

டிக் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுத்து வந்தது. "செழியன். வா. வச்சிருக்கோம். தண்ணி பாத்து வா."

அப்போதுதான் அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவள் அழுகையைக் கேட்டு மடையில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. குஞ்சிதபாதம் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் தண்ணீரிலேயே குந்தி உட்கார்ந்து, "அழு, அழு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குழாயின் அடியில் மண்ணை மிதித்து இறுக்கினார்.

ஆத்தங்காடு போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அன்று எடுக்கவில்லை. கூடத்தில் அப்பாவைக் கிடத்தி, தலைமாட்டில் சார்ஜ் லைட் வைத்திருந்தார்கள். இளஞ்செழியன் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். "சுடுகாட்டுல தண்ணி ஏறுது, எடுத்துருவோம்னு எல்லாரும் சொன்னாங்க. வள்ளி சித்தி போனைக் கொண்டாந்து காட்டுச்சு. அப்புறம் யாரும் பேசலை" என்றான். அவள் அவன் கையை விடவில்லை.

அப்பாவின் முகத்தில் இரண்டு நாள் தாடி இருந்தது. மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். மற்றபடி கோபமாகத் தூங்குகிற மாதிரிதான் இருந்தார். எழில்மொழி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். விடிந்து மேட்டில் ஒரு இடம் பார்த்து எடுத்தபோது, வாய்க்கரிசி போட முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, பிரபுவும் வந்து போன பிறகு, எழில்மொழி திரும்பவும் பொட்டி கட்டினாள். இப்போது பெரியான்புலத்தைச் சுற்றிப் பல ஊர்களில் அவள் பொட்டி நிற்கிறது. வேதாரண்யத்திலிருந்து ஜலீல், செல்களைப் பொறுக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். பக்கிரி வயலில் ஆந்தைக்கு இரும்பிலேயே கட்டை போட்டாயிற்று. ஆனால் புதிதாகப் பொட்டி ஏற்றுகிற ஊரில் ஆட்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுக்கும்போது அவள் பழைய பேச்சைப் பேசுவதில்லை.

"சாவுன்னா அந்த வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்கிறாள். "பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்க. அவங்க நேர்ல போய்ச் சொல்லட்டும். பக்கத்து வீட்டுல யாரு நம்பகமான ஆளுன்னு இப்பவே பேசி வச்சுக்குங்க."

போன வருஷம் மழையில் டவர் விழுந்திருந்த ஒரு நாள், கடையில் அவள் ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தோப்புத்துறைப் பொட்டியிலிருந்து ஒரு வரி வந்தது. "நஜ்மாவோட வாப்பா மௌத். அது கடையில இருக்கு. நீங்க போங்க."

எழில்மொழி திருப்புளியைக் கீழே வைத்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டாள். பக்கத்துக் கடைக்குப் பத்தடிகூட இருக்காது. அந்தப் பத்தடியில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துப் பார்த்தாள். குஞ்சிதபாதம் அவ்வளவு தூரம் தண்ணீரில் வந்தபோது என்ன யோசித்திருப்பார் என்று தெரியவில்லை. மருந்துக் கடை வாசலில் அவள் நின்றதைப் பார்த்து, "என்னக்கா, தலைவலி மாத்திரையா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்த நஜ்மாவின் பார்வை, அவள் கையிலிருந்த சொம்பில் போய் நின்றது.

எழில்மொழி உள்ளே போய் முதலில் அவள் தோளைப் பிடித்தாள். பிறகு சொன்னாள்.